கொள்ளிடக்கரையில் வெள்ளச் சேதம் எழுதின கதை

சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீரைப் பார்க்க நான் போகவில்லை. மகளைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து கிணற்றடியில் நாலு பெண்கள் சேர்ந்தால் போதும், "எவ்வளவு தண்ணி அத்தை? நம்ம ஏரி ரொம்புனா இருக்குமே, அவ்வளவு இருக்குமா?" என்று என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏரியாம் ஏரி! அங்கே நான் பார்த்ததைச் சொன்னால் இந்தக் குரும்பலூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் எழுதி வைக்கச் சொன்னேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சவேரியம்மாள். என் பேச்சையெல்லாம் துவைத்து மடித்துப் புத்தகத்துக்கு ஏற்ற மாதிரி வைக்கிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே விடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் எங்கள் சம்பந்தியம்மா சண்டைக்கு வந்துவிடுவாள்.

ஆடி மாதம் கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. என் மகள் அஞ்சலையைக் கொடுத்த ஊர் அந்தக் கரையில்தான் இருக்கிறது. தினமும் தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பத்து நாள் கழித்து மாப்பிள்ளை மருதமுத்துவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. டீச்சர் வாசித்தாள். "இவ்விடம் யாவரும் க்ஷேமம். வீட்டுக்குத் தண்ணீர் வந்து போனது." அவ்வளவுதான். வந்து போவதற்குத் தண்ணீர் என்ன விருந்தாளியா? மறுநாளே ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் ஒரு மரக்கால் கம்பு மாவும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெரம்பலூரில் பஸ் ஏறினேன். அது ஜப்பான்காரன் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் பெரிய இரும்பு உருளை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கிளீனர் ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுற்றுவார். நாம் அடுப்பு ஊதுகிற அதே வேலைதான். ஆம்பிளை செய்தால் அதற்குச் சம்பளம். நான் பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தேன். கரி நனைந்திருந்தது.

"ஏங்க, கரி ஈரமா இருக்கு. வெயில்ல கொஞ்சம் கொட்டி வையுங்க" என்றேன் டிரைவரிடம்.

"ஆத்தா, நீங்க சோத்த ஆக்குங்க. நான் பஸ்ஸ ஓட்டுறேன்" என்றார் அவர்.

இரண்டு மைல் போவதற்குள் பஸ் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த டீச்சர் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அவளும் ஏலாக்குறிச்சியில் இருக்கும் தன் அம்மா வீடு நிற்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

"பஸ்ஸு ஓடணும்னு வேண்டுறியா?" என்றேன்.

"ஓடுனா நிக்கணும்ல, அதுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்" என்றாள்.

அரை மணி கழித்து டிரைவர் கரி பூசின முகத்தோடு என்னிடம் வந்தார். "ஆத்தா, அந்தக் கரியப் பத்தி என்னமோ சொன்னீங்களே?"

சாக்கைக் கவிழ்த்துக் காய்ந்த கரியாகப் பொறுக்கி, அடியில் பனையோலைச் சருகு போட்டு, மேலே கரியை நெருக்காமல் அடுக்கிக் கொடுத்தேன். புகை நிமிர்ந்து வந்தது. பஸ் கிளம்பியது. அதன்பிறகு அரியலூர் வரைக்கும் எனக்கு முன்சீட்டு! போகிற வழியெல்லாம் ஒவ்வொரு மேட்டிலும், "கரி போதுமா ஆத்தா?" என்று கேட்டுக் கேட்டு ஓட்டினார். எனக்கு இருந்த பெருமைக்கு, ஒரு மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லிக் கரி போட வைத்தேன்.

அரியலூரில் ரயிலைப் பார்த்தேன். அதற்கும் அடுப்புதான். ஆனால் பெரிய வீட்டு அடுப்பு. ஸ்டேஷன் எதிரே ஒரு காப்பிக் கடையில், சர்க்கரை தட்டுப்பாடு என்று வெல்லம் போட்டுக் காப்பி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் சுக்குத் தண்ணீர் என்று இதையேதான் குடிக்கிறோம். இங்கே கண்ணாடி டம்ளரில் கொடுத்ததால் காப்பி.

பிறகு டீச்சர் ஏலாக்குறிச்சிக்குப் போனாள், எனக்கு மாட்டு வண்டி. வண்டிக்காரர் ஓரிடத்தில் நிறுத்தி, "அந்தா ரெண்டு பனந்தலை தெரியுது பாருங்க. அதுக்குக் கீழதாங்க ரோடு. நாம கரை மேல சுத்தித்தான் போவணும்" என்றார்.

எழுந்து நின்று பார்த்தேன். அடேயப்பா! கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். கேழ்வரகுக் கூழ் நிறத்தில், அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான் பிறந்தது முதல் இறைத்த தண்ணீரையெல்லாம் ஒன்றாகக் கொட்டினாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. முப்பது அடி கிணற்றில் வாளியை விட்டு அரை வாளி சேற்றைத் தூக்குகிறவள் நான். வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது. ஊர் முழுகிக் கிடக்கும் இடத்தில் சிரிக்கலாமா? ஆனால் வந்தது.

உடைந்த கரையை அடைக்க வந்திருந்த மண் வேலைக்காரர்கள் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். வண்டிக்காரருக்கு அந்தப் பாஷை தெரியும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

"'இந்தம்மா ஆத்தப் பாக்குறது, மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி இருக்கு'ன்றானுங்க."

"புடிச்சிருக்குன்னு சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அதன்பிறகு பார்த்ததற்குச் சிரிப்பு வரவில்லை. கரையோரப் படுகையில் ஒரு வாழைத்தோட்டம் மொத்தமாகச் சரிந்து ஆற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. குலையெல்லாம் தண்ணீரில் மிதக்க, மரம் மட்டும் நின்றபடியே இருந்தது. எங்கள் பக்கம் பெருமழை பெய்தால் பச்சைமலைச் சரிவில் மண் பெயர்ந்து, பாறையும் மரமுமாக வயலுக்குள் வந்து நிற்கும். எங்களுக்கு மண் மேலே இருந்து வரும். இவர்களுக்குக் கால் கீழே இருந்து போகிறது. எது மேல் என்று வண்டிக்காரரோடு பேசிக்கொண்டே போனேன். முடிவு வரவில்லை, வீடு வந்துவிட்டது.

சம்பந்தியம்மா தைலம்மா வாசலில் நின்றாள். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, வீட்டை அவள்தான் நடத்துகிறாள். அந்தத் தெருவில் அவள் வைத்தது சட்டம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் யார் உசத்தி என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

"வாங்க சம்பந்தியம்மா. என்ன திடீர்னு? சும்மாதானே வந்தீங்க?"

"சும்மாதாங்க. ஒங்களப் பாத்து நாளாச்சேன்னு."

உள்ளே போனேன். தரை கால் அழுந்த ஈரம். கட்டிலைக் கயிறு போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உரலுக்குள் ஒரு தவளை உட்கார்ந்து கத்தியது. நான் உரலைப் பார்த்தேன். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாள்.

"அது எப்பவும் இருக்குறதுதான்" என்றாள்.

சாப்பாட்டுக்கு மீன். காலையில் கெளுத்திக் குழம்பு, மத்தியானம் விரால், சாயங்காலம் மறுபடியும் குழம்பு. ஊரில் இருந்ததையெல்லாம் ஆறு எடுத்துக்கொண்டு, மீனை மட்டும் கொல்லைப்புறத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தது. சோறு மட்டும் இலையில் ஒரு கைப்பிடிதான் விழுந்தது. முன்பெல்லாம் நான் கம்பு கொண்டு வந்தால், "நாங்க அதெல்லாம் திங்கிறதில்லீங்களே" என்று மாட்டுக்கு வைக்கிறவள் சம்பந்தியம்மா. அன்றைக்கு நான் கிண்டின கம்பங்களியில் மூன்று உருண்டையை முழுங்கிவிட்டு, "ஒங்க ஊரு கம்புக்கு ஒரு வாசம் இருக்கத்தான் செய்யிது" என்றாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. எவ்வளவு சேதம் ஆகியிருந்தால் இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரும்!

மறுநாள் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது அஞ்சலை வாயைத் திறந்தாள்.

"அம்மா, குதுருல இருந்த வெத நெல்லு அம்புட்டும் போச்சு. தண்ணியில ஊறி, உள்ளுக்குள்ளயே மொளச்சு நாத்தா நிக்குது. ஆவணியில நாத்து விடணும். வெதை இல்லன்னா இந்த வருஷம் வயலு தரிசுதான். அவரு அசாமுக்குப் போறேங்குறாரு."

"அசாமா? அது எந்தப் பக்கம்?"

"யாருக்குத் தெரியும்? சண்டைக்கு அங்க ரோடு போடுறாங்களாம். ஆளு புடிக்கிறவன் வெள்ளிக்கிழமை வரேன்னுட்டுப் போயிருக்கான். போனவங்க ஒருத்தரும் இன்னும் திரும்பலம்மா." மீனைக் கீழே வைத்துவிட்டாள். "நீ அத்தைகிட்ட கேட்டுடாதே. குதுரு போனது ஒனக்குத் தெரிஞ்சுச்சுன்னா அவங்க உசுர விட்டுடுவாங்க."

வீட்டுக்குள் போய் ஓரக்கண்ணால் பார்த்தேன். மண் குதிர் அடிப்பக்கம் கரைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி, கல்யாணத்துக்கு நான் கொடுத்த பவானி ஜமக்காளத்தைப் புடவை மாதிரி கட்டிவிட்டிருந்தாள் சம்பந்தியம்மா. கொசுவம் வைக்காததுதான் பாக்கி.

அன்றைக்குச் சாயங்காலம் தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்தார். வெள்ளச் சேதம் எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நாளைக்கு வருகிறார், அவரவர் வீட்டில் இருக்கணும், சேதத்துக்குத் தக்கபடி சர்க்கார் விதை நெல் கொடுக்கும் என்று சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊரார் செய்த காரியத்தைக் கேளுங்கள். சேதம் பார்க்க ஆபீசர் வருகிறார் என்றதும், தெரு முழுக்கப் பெண்கள் சுவரைப் பூச ஆரம்பித்துவிட்டார்கள்! தண்ணீர் நின்ற கோட்டை மண் வைத்து மறைத்தார்கள். சாணி தெளித்து மெழுகினார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். விரிசல் விட்ட இடத்தில் சாமி படம் மாட்டினார்கள். சம்பந்தியம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய் மேஸ்திரி வேலை பார்த்தாள்.

"ஏங்க, சேதத்தப் பாக்கத்தானே அவரு வர்றாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆபீசரு வர்ற வூடு அலங்கோலமாவா இருக்கும்?" என்றாள். "அவரு நாலு ஊருக்குப் போறவரு. தை பொறந்தா இந்தத் தெருவுல மூணு பயலுக்குப் பொண்ணு பாக்கணும். இது ஒண்ணுமில்லாத ஊருன்னு ஒரு சொல்லு வெளிய போயிட்டா, எவன் பொண்ணு குடுப்பான்? கேட்டா மழையடிச்சுதுன்னு சொல்லுவோம். அவரா புரிஞ்சுக்கிட்டு எழுதிப்பாரு."

மணியக்காரர் வீட்டு நாற்காலி ஒன்றுதான் ஊரில் மிச்சம். வெள்ளத்தில் போய்ப் புளியமரத்தில் மாட்டிக்கொண்டிருந்ததை எடுத்து வந்திருந்தார்கள். இடது கைப்பிடி இல்லை. நல்ல வெண்கலச் சொம்பும் ஒன்றுதான். கறவை மாடும் ஒன்றுதான். ஆபீசர் ஒரு வீட்டில் எழுந்ததும், இரண்டு ஆட்கள் நாற்காலியைக் கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போகவேண்டும். சொம்பும் மோர்ப்பானையும் தூக்க ஓர் ஆள் வேண்டும்.

"சம்பந்தியம்மா தூக்கட்டும். வெளியூரு ஆளு, அவரு கண்ணுல பட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாம்" என்று தைலம்மா தீர்ப்புச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓடுகிற வேலை என்றதும் எனக்கு ஆசையாகவும் இருந்தது.

சொன்னபடி மறுநாள் ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு கால் வெறுங்கால். ஒன்றை வழியில் சேறு வாங்கிக்கொண்டதாம். முதலில் கரை மேல் இருந்தவர்களைப் பார்த்தார். வயல் வேலை செய்கிற குடும்பங்கள் அவை. அவர்கள் தெருவில் ஒரு குடிசை நிற்கவில்லை. ஓலையைச் சாய்த்து வைத்து அதன் கீழே குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பேனா நிற்காமல் ஓடியது.

"இங்க ஒண்ணையும் மறைக்காம சொல்றீங்களேம்மா" என்றார்.

"மறைக்கிறதுக்கு ஒரு கதவாச்சும் வேணுமேங்க" என்றாள் ஒருத்தி.

"அந்தத் தெருவுல எப்படி?"

"அந்த வூடுங்களுக்குள்ள நாங்க போறதில்லீங்க. வெளியிலேருந்து பாத்தா நல்லாத்தான் வெள்ளையடிச்சிருக்காங்க."

பிறகு எங்கள் தெருவுக்கு வந்தார். முதல் வீடு. நாற்காலி, மோர். "சேதம் என்னங்க?" என்றார். "ஆண்டவன் புண்ணியத்துல பெருசா ஒண்ணுமில்லீங்க" என்றார் வீட்டுக்காரர். ஆபீசர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எழுதினார். இரண்டாவது வீடு. நாற்காலி, மோர், ஒண்ணுமில்லீங்க. மூன்றாவது வீட்டில் உட்கார்ந்து இடது கையை வைக்க இடம் தேடினார்.

"ஒங்க ஊரு தச்சரு எடது பக்கம் கைப்பிடியே வைக்கமாட்டாரா?"

மணியக்காரர் கூடவே வந்துகொண்டிருந்தார். "அது எங்க ஊரு வழக்கங்க. எழுதுறது சோத்துக் கைதானே, மத்ததுக்கு எதுக்குன்னு…" என்றார்.

நாலாவது வீட்டில் மோரைக் குடித்துவிட்டு, "எல்லா வூட்லயும் உப்பு ஒரே மாதிரி இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார். சுவருக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்கி விக்கல் வந்துவிட்டது.

ஐந்தாவது வீட்டுக்குப் போகிற கொல்லையில்தான் என் கதை முடிந்தது. பூவரச மரத்தடிச் சேற்றில் கால் வழுக்கியது. மோர்ப்பானையை விட்டுவிட்டேன். சொம்பை விடவில்லை. வழுக்கினவள் நிற்காமல், மெழுகின தரையில் அப்படியே சறுக்கி, கொல்லைக் கதவு வழியாக வீட்டுக்குள் போய், அப்போதுதான் வாசல் வழியாக உள்ளே வந்த ஆபீசரின் பூட்ஸ் காலடியில் போய் நின்றேன். தலை முதல் கால் வரை சேறும் மோரும். எனக்குப் பின்னால் நாற்காலியோடு இரண்டு பேர்.

ஆபீசர் குனிந்தார். "அம்மா, நீங்க எந்த வூடு?"

பொய் வரவில்லை. "இன்னிக்கு எல்லா வூடும்ங்க" என்றேன்.

நாற்காலியைப் பார்த்தார். கைப்பிடி இல்லாத பக்கத்தைப் பார்த்தார். சுண்ணாம்புச் சுவரில் ஒரு விரலை வைத்துத் தேய்த்தார். கீழே பழுப்புக் கோடு வந்தது. நோட்டை மூடிவிட்டார்.

"நான் பாத்தததான் எழுத முடியும். சேதமில்லன்னு நாலு வூடு எழுதியாச்சு. சேதமில்லாத ஊருக்கு வெதை வண்டி வராதுங்க. இன்னிக்கிச் சாயங்காலம் லிஸ்டு போயாவணும்."

வாசலில் தெருவே கூடியிருந்தது. என் மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அஞ்சலை அவனைப் பார்த்தாள். எனக்கு அசாம் என்கிற ஊர் கண்ணுக்கு முன்னால் வந்தது, எப்படி இருக்கும் என்று தெரியாமலே வந்தது.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினாள். "ஊரு மானத்தக் கொண்டாந்து நடுவூட்ல போட்டுட்டீங்களே! பொண்ணு கேட்டுப் போனா இனிமே எங்களை யாரு மதிப்பா?"

சேற்றில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "பொண்ணு குடுத்தவ நானே சொல்றேன், கேட்டுக்குங்க. அஞ்சலை கல்யாணத்துல எங்க பந்தல்ல அஞ்சு அண்டா அடுக்கி வச்சிருந்தேனே, நீங்ககூட தட்டிப் பாத்தீங்களே, அதுல நாலு இரவல். அந்த வருஷம் எங்க ஊர்ல பொட்டு மழை இல்ல. வூட்ல வரகு கூட இல்ல. இப்ப என்ன, எம் பொண்ணைத் திருப்பி அனுப்பிடப் போறீங்களா?"

இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். காது சூடாகிவிட்டது. சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலா? மூணுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

முதலில் சிரித்தது ஆபீசர்தான். பிறகு தெருவே சிரித்தது. அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆபீசர் நாற்காலியை வாசலில் போடச் சொல்லி, எழுதின தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்தார்.

முதல் வீட்டுக்காரி முன்னால் வந்தாள். மானத்தை விடுவது எப்படி என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், பிறகு மனிதர்களைப் பிடிக்க முடியாது. "ரெண்டு அண்டா, மூணு மாடு, ஒரு தேக்கு பீரோ…" என்று ஆரம்பித்தாள்.

"பீரோவா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "ஏண்டி, போன பொங்கலுக்குப் பட்டுப்புடவை வைக்கப் பொட்டி இல்லன்னு எங்க தகரப் பொட்டியத்தானே வாங்கிட்டுப் போனே? அது எங்க?"

"அதுவும்தான் போச்சு!"

"அப்ப அது என் வூட்டுச் சேதம். எழுதுங்க சார், ஒரு தகரப் பொட்டி!"

ஆபீசர் புத்திசாலி. உடனே பிடித்துக்கொண்டார். "இனிமே யாரும் தன் வூட்டப் பத்திச் சொல்லக் கூடாது. அடுத்த வூட்டப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றார்.

எங்கள் பெண்களைப் பற்றித் தெரியுமே. எந்த வீட்டில் எத்தனை கரண்டி என்று அடுத்த வீட்டுக்குத் தெரியும். இரவல் வாங்காத சாமான் ஒன்று தெருவில் உண்டா? "அவ கிட்ட கெணத்துக் கயிறு இருந்துச்சுங்க, நான்தான் மூணு மாசம் வச்சிருந்தேன்", "அவங்க வண்டியிலதான் என் மாமனாரப் அரியலூரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அந்த வண்டி இப்ப இல்ல" என்று வரிசையாக வந்தது. ஒருத்தி கூட்டிச் சொன்னால் நாலு பேர் குறைத்தார்கள். ஒருத்தி மறந்தால் ஐந்து பேர் ஞாபகப்படுத்தினார்கள். பாதியில் இரண்டு சண்டை. ஒன்று ஒரு சல்லடைக்காக. சல்லடைக்குச் சர்க்காரில் இடமில்லை என்று ஆபீசர் சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே! எழுதிக்கொண்டார்.

கடைசியில் எங்கள் வீடு. சம்பந்தியம்மா வாசலை மறித்து நின்றாள்.

"எங்க வூட்ல ஒண்ணும் போவல" என்றாள். ஊருக்கு விட்டுக் கொடுத்தாளே தவிர, தன் வீட்டுக்கு விட்டுக் கொடுக்க மாட்டாள்.

ஆபீசர் எட்டிப் பார்த்தார். "குதிரு இருக்கு போலிருக்கே. வெதை நெல்லு?"

"ரொம்பி வழியுது."

நான் வாயைத் திறக்கக் கூடாது. பெண் கொடுத்தவள் மாப்பிள்ளை வீட்டு இல்லாமையைச் சொன்னால், அந்தச் சொல் ஆயுசுக்கும் மகள் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அஞ்சலையும் பேச முடியாது. மருதமுத்து அம்மாவை மீறிப் பேசினவன் இல்லை. பேனா தாள் மேல் இறங்கியது.

அப்போது சல்லடைக்காரி சொன்னாள். "சார், போன வருஷம் எங்க வூட்ல வெதை பத்தலன்னு இந்தக் குதுருலேருந்துதான் ரெண்டு மரக்கா வாங்கிட்டுப் போனேன். அளந்து குடுக்கல. வாரிக் குடுத்தாங்க."

"எனக்கும் குடுத்தாங்க" என்றாள் தகரப் பெட்டிக்காரி. "அவங்க அண்டாதான் இந்தத் தெருவுல அத்தினி கல்யாணத்துக்கும் போயிருக்கு. ஆறு கொண்டு போயிடுச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"அவங்க ஏரும் மாடும் இல்லன்னா எங்க வயல உழுதிருக்க முடியாதுங்க. அந்தச் செவலை மாடு செத்து மெதந்து வந்தப்ப நாங்க அழுதோம், அவங்க அழுவல."

"தண்ணி வந்த அன்னிக்கி அந்தக் குதுருக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. வெதை மொளச்சுடுச்சு சார். எங்க வூட்லேருந்து பாத்தா சன்னல்ல பச்சையா தெரியும்."

ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். கேட்கிறவருக்கு இல்லாதப்பட்ட வீட்டுக் கணக்காகத் தெரியாது. ஒரு ஜமீன் வீட்டுக் கொடையைப் பாடுகிற மாதிரி இருந்தது. சம்பந்தியம்மா முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிமிர்ந்தது. வாசலை விட்டு ஒரு அடி விலகினாள்.

ஆபீசர் உள்ளே போய் ஜமக்காளத்தின் மேல் கையை வைத்தார். ஈரம். முளைவிட்ட நெல் வாசனை வீடு முழுக்க இருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. "நல்ல ஜமக்காளம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நின்றபடியே எழுதினார். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"தோசைக்கல்ல விட்டுட்டாங்க" என்றாள். "அதையும் போட்டுக்குங்க."

வெள்ளிக்கிழமை ஆள் பிடிக்கிறவன் வந்தான். அஞ்சலை அவனை வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "திங்கக்கெழம நெல்லு வண்டி வருதாம், அது வரை பொறுங்க" என்றாள். பொறுக்க மாட்டேன், இன்றைக்கே ரயில் என்றான். மருதமுத்து கையில் இருந்த துணி மூட்டையைப் பார்த்தான், வயலைப் பார்த்தான். வண்டி வராவிட்டால்? எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அசாமுல தண்ணி உண்டாப்பா?" என்றேன். "வருஷத்துக்கு எட்டு மாசம் மழை பாட்டி" என்றான் அவன் பெருமையாக. மருதமுத்து மூட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

விதை வண்டி திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் சம்பந்தியம்மாவும் நானும் மாறி மாறிக் கரை மேல் போய், வண்டி வருகிறதா என்று பார்த்தோம். புதன்கிழமை மத்தியானம் மூன்று வண்டி வந்தது. கரை மேல் இருந்தவர்களுக்கு மூங்கிலும் ஓலையும் ஏற்றி வந்த முதல் வண்டி அங்கேயே நின்றது, நெல் வண்டி இரண்டும் எங்கள் தெருவுக்கு வந்தன. மருதமுத்து தன் பங்கு நெல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, ஊறப்போடத் தொட்டியில் கொட்டப் போனான்.

"நில்லுடா" என்றாள் சம்பந்தியம்மா. ஒரு கை நெல்லை அள்ளினாள். உள்ளங்கையில் வைத்து ஊதினாள். பதர் பறந்தது. மிச்சத்தைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். பிறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

"ஒங்க ஆபீசருகிட்ட சொல்லு. நெல்லு பரவாயில்ல, பதருதான் சாஸ்தி. அடுத்த வருஷம் எங்க வூட்டு வெதை ரெண்டு மரக்கா தரேன், வந்து வாங்கிட்டுப் போவச் சொல்லு."